அஞ்சிய குழந்தையும் பள்ளிக்கூடமும்

(ராயக்கோட்டை வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிணறு, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய இம்மன்றத்தில், குழந்தைகளின் அச்சத்தைப் பற்றிப் பேச ஒருத்தி வந்து நிற்கிறாளே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நான் பேசப்போகும் பொருளிற் பாதி உங்களுக்குத் தெரிந்ததேயாகும். நாற்றங்காலினின்று பிடுங்கி நட்ட தக்காளி நாற்று முதற் சில நாள் தலை சாய்ந்து நிற்கிறது. அதனைக் கண்டு, "இது சோம்பேறி நாற்று, இதற்குக் காய்க்கும் புத்தி இல்லை" என்று ராயக்கோட்டையில் எந்த விவசாயியும் சொன்னதாக நான் கேட்டதில்லை. வேர் அதிர்ந்திருக்கிறது என்பதை அறிந்து நீர் விடுகிறீர்கள். வெயில் தணிந்த மாலை வேளையாகப் பார்த்து நடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் தலை சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மட்டும் அந்தப் பொறுமை நமக்கு வருவதில்லை.

ஒரு சிறுவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பல ஊர்களிற் பார்த்த பல பிள்ளைகளைச் சேர்த்து நான் வரைந்த சித்திரம் இது. எந்த ஒரு வீட்டையும் குறித்ததன்று. வயது ஒன்பது. காட்டோரத்துக் கேழ்வரகுக் கொல்லை. அதனருகே ஓட்டு வீடு. கதிர் முற்றிய மார்கழி இரவொன்றில் யானைகள் கொல்லையில் இறங்கின. சுவர் ஒரு பக்கம் சரிந்தது. பாட்டனார் மிதிபட்டு இறந்தார். மூன்று மாதம் கழிந்தது. இழப்பீட்டுக்கு மனு எழுதியாயிற்று; சுவரைக் கட்டியாயிற்று; சடங்குகள் முடிந்தன. பெரியவர்களின் கணக்கில் காரியம் தீர்ந்தது. பையனோ, பள்ளியில் மணி அடித்தால் திடுக்கிட்டு எழுகிறான். பின்னால் எவரேனும் நடந்தால் எழுதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறான். பக்கத்துப் பையன் தோளிற் கை வைத்தால் அடித்துவிடுகிறான். முன்பு முத்து முத்தாக எழுதியவன் இப்போது பென்சிலை அழுத்தித் தாளைக் கிழிக்கிறான். கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுவதும் அடக்கிக்கொள்கிறான்.

ஆசிரியர் "முரடன்" என்கிறார். தகப்பனார் "படிப்பு ஏறவில்லை" என்கிறார். இவ்விரண்டு சொற்களும் சேர்ந்துவிட்டால் நம் பக்கத்தில் அடுத்து நடப்பது என்ன என்பதை நீங்களே அறிவீர்கள். பையனாயின் தக்காளி மண்டிக்கோ, ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்கோ, ஓசூர்ப் பட்டறைக்கோ போகிறான். பெண்ணாயின், 18 வயது நிரம்புமுன் மணம் செய்விப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்திருந்தும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். அச்சத்தை அறிவுக்குறை என்று பிழையாகக் கொண்டதனால் ஒரு பிள்ளையின் வாழ்வு திசை மாறிவிடுகிறது. இதனை முன்னிட்டே நான் இங்கு வந்தேன்.

அச்சம் உடம்பில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். அதற்கு இவ்வூர் மலைமேலுள்ள கோட்டையையே உவமையாகக் கொள்ளலாம். அந்நாளில் அதன் மதில்மேற் காவலாள் நின்றிருப்பான். பகைவர் வரக் கண்டால் முரசறைவான். உடனே சந்தை கலையும், வாயில் அடைபடும், கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடுவர். 1791-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படை அக்கோட்டையைப் பிடித்த நாளிலும் அவ்வாறே நடந்திருக்கும். நம் உடம்பிலும் இத்தகைய காவலாள் ஒருவன் உண்டு. ஆபத்து வரும்போது நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது மரத்து நின்றுவிடுகிறது. ஆபத்து நீங்கியபின் முரசு ஓய வேண்டும். பேரச்சத்திற்கு ஆளான சில பிள்ளைகளின் உடம்பில் அது ஓய்வதில்லை. பள்ளி மணியும் அவனுக்கு யானை. வாத்தியாரின் உரத்த குரலும் யானை. முரசு ஒலிக்கும் ஊரிற் சந்தை கூடாததுபோல, அந்த உடம்பிற் பெருக்கல் வாய்பாடு ஏறுவதில்லை. இந்நிலையைத் தமிழில் மனவடு என்கிறோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தாம் எழுதிய தமிழ் நூலுக்கு இச்சொல்லையே பெயராக வைத்தார்.

யானை ஒன்றே காரணம் என்று கொள்ள வேண்டா. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஓசூருக்கு அப்பால் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியிற் பட்டாசுக் கடை எரிந்தபோது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்ற இளைஞர் பலர் உயிரிழந்தனர். நெடுஞ்சாலை விபத்துக்களைச் சொல்லி முடியாது. பத்திரிகையில் வாராத காரணங்களோ இவற்றினும் அதிகம். குடித்துவிட்டு வரும் தகப்பன், இரவெல்லாம் அடிபடும் தாய், உறவினர் செய்யும் தகாத செயல், கடன்காரன் வாசலிற் போடும் கூச்சல் ஆகியவை யானையைப்போல ஆண்டுக்கு ஒரு பருவத்தில் வருவன அல்ல, நாள்தோறும் வருவன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் மொழி புரியாத வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளோடு பழகிய நம் ஆசிரியர்கள் இவர்களையும் அரவணைக்கக்கூடியவர்களே. ஆனால் குழந்தை ஏன் பேசாமலிருக்கிறது என்பதற்கு மொழி மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது.

துன்பம் கண்ட பிள்ளைகள் அனைவருக்கும் மனவடு நிலைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மிகப் பலர், அன்பான பெரியவர் ஒருவர் அருகிலிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமே தேறிவிடுகிறார்கள். தேறாதவரை அப்படியே விட்டுவிட்டால் அது பிற்காலத்தில் உடல் நோயாகவும் வெளிப்படக்கூடும். அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரித்து 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, குழந்தைப் பருவத்திற் பலவகைக் கொடுமைகளுக்கு ஆளானவர்களிடம் இருதய நோயும் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் மிகுந்து காணப்பட்டதை எடுத்துக் காட்டிற்று.

இனி என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். ஆக்குபேஷனல் தெரபி என்பதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழிற் கூறுகிறோம். தொழில் என்றவுடன் சம்பளத்திற்குச் செய்யும் வேலை என்று எண்ணிவிடுகிறார்கள், ஒரு தாயார் என்னிடம், "என் மகனுக்கு என்ன தொழில் கற்றுக் கொடுப்பீர்கள்?" என்றே கேட்டார். உண்பதும், உடுப்பதும், குளிப்பதும், விளையாடுவதும், எழுதுவதும், நண்பனோடு சண்டையிட்டுச் சமாதானமாவதும் குழந்தையின் தொழில்களே. நோயோ ஊனமோ அச்சமோ இவற்றைக் குலைக்கும்போது, மீண்டும் செய்யும்படி உடம்பையும் மனத்தையும் சூழ்நிலையையும் சீர்படுத்துவது எங்கள் பணி. முதல் உலகப் போரிற் குண்டோசையால் நிலைகுலைந்து நடுங்கிய போர்வீரர்களுக்கு நெசவும் தச்சுவேலையும் பழக்கித் தேற்றிய காலத்தில் இக்கலை வளர்ந்தது. 1917-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் தோன்றியது. இந்தியாவில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-ஆம் ஆண்டு மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் முதற் பயிற்சிப் பள்ளியை நிறுவினார்.

காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைவேலையை நடுவாகக் கொண்டதன்றோ? அது கைவேலையின் வழியே அறிவைப் புகட்ட முயன்றது. நாங்கள் அதற்கு ஒரு படி கீழே நிற்கிறோம். அறிவு புகுமுன் முரசு ஓய வேண்டுமே, அதற்குக் கையையும் காலையும் துணைக்கு அழைக்கிறோம்.

அந்த ஒன்பது வயதுச் சிறுவனின் பள்ளிக்கு நான் போனால் முதலில் அவனை ஒன்றும் கேட்பதில்லை. காலையில் வாயிலுக்குள் நுழைவது முதல் மாலை வீடு திரும்புவது வரை ஒரு நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வேளையில் முகம் மாறுகிறது? எந்த ஓசைக்குக் கை நடுங்குகிறது? யார் அருகில் வந்தால் தோள் தளர்கிறது? பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து சிறு மாற்றங்களைச் செய்வோம். அவன் இடம் சுவரை ஒட்டி, முதுகுக்குப் பின்னால் எவரும் நடவாதபடி, வாயில் கண்ணுக்குத் தெரியும்படி அமையும். மணி அடிக்குமுன், "இப்போது மணி அடிக்கும்" என்று ஆசிரியர் சொல்வார். அன்றைய நாளில் எதன்பின் எது வரும் என்பது கரும்பலகையின் ஓரத்தில் எழுதப்படும். அடுத்து வருவது இன்னது என்று தெரிந்த குழந்தைக்குக் காவல் காக்க வேண்டிய அவசியம் குறைகிறது. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியை மட்டும் ஆற்றுவதன்று. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே அம்மாளின் கையால், தவறாமல் வரும் உணவு இத்தகைய பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

உடம்பின் முறுக்கைத் தளர்த்துவதற்குச் சில வேலைகளும் விளையாட்டுக்களும் உதவுகின்றன. தசைகளுக்கு நல்ல பாரம் கிடைக்கும்படி இழுப்பது, தள்ளுவது, சுமப்பது, பிசைவது. தாளத்தோடு சேர்ந்து அசைவது. சீராக ஊசலாடுவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவற்றிற்கு வெளிநாட்டுக் கருவி வேண்டியதில்லை. கயிறு இழுத்தல், நொண்டி, கும்மி, கோலாட்டம், புளியமரக் கிளையில் தொங்கும் பழைய டயர், ஒரு கூடைக் களிமண், உமி நிரப்பிய சாக்கு, தோட்டத்துப் பாத்திக்கு இரண்டு குடம் நீர் ஆகியவையே போதும். எழுத்துப் பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் களிமண் பிசைந்த பிள்ளையின் விரல் பென்சிலை நெரிக்காமற் பிடிப்பதை ஆசிரியர்களே கண்டு வியந்திருக்கிறார்கள். வகுப்பின் ஒரு மூலையிற் பாயொன்றை விரித்து, மனம் கலங்கிய எந்தப் பிள்ளையும் கேட்காமலே போய்ச் சிறிது நேரம் அமரலாம் என்று வைத்தால் நன்று. அந்த மூலையைத் தண்டனை இடமாக மாற்றிவிட்டால் முயற்சி பாழ்.

இவை மந்திரம் அல்ல. எடை வைத்துத் தைத்த சட்டை முதலிய சில சாதனங்களின் பயனைப் பற்றி நிபுணர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவற்றை விலை கொடுத்து வாங்கும்படி நான் எந்தப் பள்ளிக்கும் சொல்வதில்லை. ஒழுங்கான நாள்முறை, அடிக்காத ஆசிரியர், மனமார விளையாட இடம் ஆகியவற்றில் கருத்து வேற்றுமை ஏதும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பாரம் சுமப்பது நல்லது என்று நான் சொன்னதைக் கொண்டு, பிள்ளைகளைச் செங்கல் தூக்கவும் தக்காளிப் பெட்டி ஏற்றவும் விட்டுவிடாதீர்கள். பிள்ளை தானே விரும்பி, வேண்டாதபோது நிறுத்தக்கூடியதாக, பத்து நிமிடம் செய்வது சிகிச்சை. பிறர் இலாபத்திற்காக நாள் முழுதும் செய்வது கூலி வேலை. 14 வயதுக்குட்பட்டவரைக் கூலி வேலையில் அமர்த்துவது குற்றம். இன்னொன்று: நடந்ததைச் சொல், சொல் என்று குழந்தையை வற்புறுத்தாதீர்கள். ஊரார் கூடி நின்று, "யானை எப்படி வந்தது, சொல் பார்க்கலாம்" என்று வேடிக்கையாகக் கேட்பதை நான் கண்டிருக்கிறேன். புண்ணைக் கிளறுவது அது. தானாகச் சொன்னால் முழுதும் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

கொடுமை இன்னும் வீட்டில் நடந்துகொண்டிருக்குமாயின், களிமண்ணும் ஊஞ்சலும் பயன்படா. முதலிற் குழந்தையைக் காக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எவரும் கட்டணமின்றிப் பேசலாம். பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் அதனைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி ஒவ்வொருவருக்கும் கடமை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடக்கூடிய காரியம் அன்று அது. குடும்ப மானம் போகுமே என்பார்கள். குழந்தையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே?

ஊர் மக்களைக் கொண்டு இத்தகைய பணி நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். நடந்ததுண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகள் கடலைக் கண்டு நடுங்கினர். தாள் கொடுத்தால் அலையையே வரைந்தனர். அத்தனை பிள்ளைகளுக்கும் மருத்துவர் கிடைப்பாரா? ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தார் வந்து ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். சித்திரம், களிமண், கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே பிள்ளைகளைத் தேற்றும் முறை மீனவக் குப்பங்களுக்குச் சென்றது. அந்த நிம்ஹான்ஸ் நிலையம் நமக்கு ஓசூர் வழியாகப் பேருந்திற் போய் வரும் தொலைவிலேயே இருக்கிறது.

இலங்கையில் மட்டக்களப்பு நகரில் நடந்தது இன்னும் அருமையானது. போர் மூண்டிருந்த 1996-ஆம் ஆண்டு, பால் சற்குணநாயகம் என்னும் இயேசு சபைத் துறவியாரும், பால் ஹோகன் என்னும் கனடா நாட்டுக் கலைஞரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற தோட்டமொன்றை அமைத்தனர். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் தத்தம் ஊர்களிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து, மாதக்கணக்கில் தொடர்ந்து, மரநிழலில் மண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டி நாடகம் ஆடினர். அவர்களை நடத்திச் சென்றவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர். அதே போரிற் பட்ட உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் ஆவர். வெளியே இரு சமூகத்துப் பெரியவர்கள் ஒருவரையொருவர் அஞ்சிக்கொண்டிருந்த நாளில் உள்ளே பிள்ளைகள் ஒரே படத்தை வரைந்தனர் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் உள்ளம் நெகிழ்கிறது. போர் நடந்த ஊரில் இயன்றது கெலமங்கலம் ஒன்றியத்தில் ஏன் இயலாது?

"எங்கள் காலத்தில் அடித்துத்தான் படிக்க வைத்தார்கள், நாங்கள் கெட்டா போனோம்?" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார், இங்கும் முன்வரிசையிற் புன்னகை செய்கிறார். ஐயா, உங்களோடு முதல் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அடிக்கு அஞ்சி மூன்றாம் வகுப்போடு ஓடிப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இக்கூட்டத்தில் முன்வரிசையில் இல்லை. உடல் தண்டனையும் மன வதையும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் விலக்கியிருக்கிறது. பிரம்பைக் கண்டால் அஞ்சிய பிள்ளை அடங்கும். அடங்குவதும் அமைதி அடைவதும் ஒன்றல்ல; ஆசிரியர் வெளியே போனதும் அந்த வகுப்பைப் போய்ப் பார்த்தால் வேற்றுமை தெரியும்.

இனிப் பஞ்சாயத்தார் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பள்ளிக் கழிப்பறைக்கு உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறுமியர் அஞ்சும் இடங்களில் அதுவே முதலாவது. அதனைச் சரிசெய்யும் செலவு பஞ்சாயத்துக்கு ஒரு பொருட்டன்று. யானை நடமாடும் மாதங்களில் வனத்துறையார் தரும் எச்சரிக்கை பள்ளிக்கும் உடனே வந்து சேர ஏற்பாடு செய்யுங்கள். ஊடேதுர்க்கம் காட்டை ஒட்டிய பாதைகளில் நடந்து வரும் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு கூட்டமாக வரட்டும். தெரு விளக்கு எரியாத வளைவுகளைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். மின் ஊழியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரிற் பெரிய விபத்தோ சாவோ நேர்ந்தால், அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் நாளன்று ஆசிரியருக்கு முன்னரே செய்தி சொல்லிவிடுங்கள். செய்தி தெரியாமல், "பத்து நாளாக எங்கே போனாய்?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டுவிட்டு, பிறகு வருந்திய ஆசிரியர்கள் உண்டு. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு பலவிடத்தும் ஏட்டில் இருக்கிறது, அதனைக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு பள்ளிக்கும் என்னைப் போன்ற ஒருவர் கிடைப்பது இன்றைய நிலையில் இயலாது. ஆயினும் வட்டார வள மையத்திற் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் அவர்களை அழைக்கலாம். நிகழ்ச்சி நடந்து ஒரு மாதத்திற்கு மேலாகியும் உறக்கமின்மை, படுக்கையில் நனைத்தல், பேச்சு நின்றுபோதல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் முதலியவை காணப்பட்டால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைசியிற் சொன்னதற்கு மட்டும் ஒரு மாதம் காத்திருத்தல் கூடாது. அன்றே செல்ல வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டிவிட்டு, அடுத்த பேருந்தில் மருத்துவரிடமும் போய்வாருங்கள்.

வரும் வழியில் ஒரு விவசாய அன்பர், "எத்தனை நாளிற் குணமாகும், அம்மா?" என்று கேட்டார். நாள் கணக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சில பிள்ளைகள் ஒரு பருவத்திலேயே தேறிவிடுகிறார்கள். சிலர் தேறியபின்பு, அடுத்த மார்கழியிற் கேழ்வரகு முற்றும்போது மறுபடி திடுக்கிடத் தொடங்குகிறார்கள். முயற்சி வீணாயிற்று என்று அப்போது கைவிடாதீர்கள். இரண்டாம் முறை அது சீக்கிரம் அடங்குவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்தில் மட்டும் மீண்டும் சுவரோர இடத்தையும் களிமண் கூடையையும் கொடுங்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, கழிப்பறைத் தாழ்ப்பாளையும் இந்தக் களிமண் கூடையையும் பேச வேண்டிய பொருள்களிற் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.